உப்பு போகும் வழியே தண்ணீர் போகும்: காலராவைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் கோபம் வந்தால் இன்றும் வாயில் வரும் வசவு "பேதியில போவான்". இன்னொன்று "கொள்ளையில போவான்". திட்டுபவருக்கும் திட்டு வாங்குபவருக்கும் இப்போது அது வெறும் சொல். சில தலைமுறைகளுக்கு முன்பு அதற்கு நேர்ப்பொருள் இருந்தது. காலையில் வயலுக்குப் போன ஆள் பொழுது சாய்வதற்குள் பேதியில் போய்விடுவார். வாந்திபேதி, விஷபேதி, காலரா என்று எப்படி அழைத்தாலும் நோய் ஒன்றுதான்.

மனிதர்களைக் கொள்ளை கொள்ளையாகக் கொன்ற நோய்களில் காலராவைப் போல் முழுமையாக விளங்கிக்கொள்ளப்பட்டவை குறைவு. ஆனாலும் பொதுப்பேச்சில் அதைப் பற்றித் தவறான எண்ணங்களே நிறைந்திருக்கின்றன. கிருமி குடலை அரித்துவிடும் என்பார்கள். பேதி நிற்கும்வரை தண்ணீர் கொடுக்காதே என்பார்கள். ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசல் வெறும் முதலுதவி, உண்மையான வைத்தியம் ஊசியும் மாத்திரையும்தான் என்பார்கள். காலரா ஒழிந்து எவ்வளவோ நாளாயிற்று என்பார்கள். நான்குமே தவறு. நடுவில் உள்ள இரண்டும் ஆளைக் கொல்லக்கூடிய தவறுகள்.

இவை ஏன் தவறு என்று புரிந்துகொள்ள மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. சமையலறையில் தினமும் கண்ணால் பார்க்கிற ஒரு விதி போதும்.

பாகற்காயும் உப்பும்

நறுக்கிய பாகற்காயில் உப்பைப் பிசறிக் கால் மணி நேரம் வையுங்கள். பாத்திரத்தின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும். அந்தத் தண்ணீரை யாரும் ஊற்றவில்லை. காயின் வெளியே உப்பு கூடியதால் உள்ளே இருந்த நீர் அதைத் தேடி வெளியே வந்திருக்கிறது. மாங்காய் ஊறுகாயில் நீர் விடுவதும் இதனால்தான்.

உப்பு எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கம் தண்ணீர் போகும். இந்த இயல்புக்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். சர்க்கரைக்கும் இதே விதிதான். ஸ்ட்ராபெரியிலோ நறுக்கிய பழத்திலோ சர்க்கரை தூவி வைத்தால் சாறு விடுவதைப் பார்த்திருப்பீர்கள். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காலரா கொல்வது, பிழைக்க வைப்பது, தவறாகக் கலக்கிய கரைசல் கெடுதல் செய்வது எல்லாம் இதற்குள் அடங்கும்.

குடலுக்குள் நாள்தோறும் 9 லிட்டர்

நாம் ஒரு நாளில் குடிப்பதும் உணவில் வருவதுமாக 2 லிட்டர் அளவு நீர் வயிற்றுக்குள் போகிறது. இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது வேறு. உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணையநீர், குடல் சுரப்பு என்று உடம்பு தானாகவே ஏறக்குறைய 7 லிட்டர் நீரைக் குடலுக்குள் விடுகிறது. ஆக நாளொன்றுக்கு 8, 9 லிட்டர். இதில் மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லி மட்டுமே. மற்றதெல்லாம் குடல் சுவர் வழியாக மறுபடி ரத்தத்துக்குத் திரும்பிவிடுகிறது.

திரும்புவது எப்படி? குடல் சுவரின் செல்கள் முதலில் உப்பை உள்ளே இழுக்கின்றன. அதன் பின்னால் தண்ணீர் தானாக வருகிறது. குடல் தண்ணீரை இழுப்பதில்லை, உப்பைத்தான் இழுக்கிறது. பாகற்காய் விதியேதான்.

எனவே குடலை ஒரு குழாய் என்று எண்ணாமல், உள்ளே விடுவதும் வெளியே எடுப்பதும் ஓயாமல் நடக்கும் ஒரு குளம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மதகு ஒன்று திறந்தபடி சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதுதான் காலராவின் கதை.

சிக்கிக்கொண்ட மதகு

காலராவை உண்டாக்குவது விப்ரியோ காலரே என்ற பாக்டீரியா. கமா குறி போல் வளைந்த உடலும் ஒற்றை வாலும் கொண்டது. புளோரன்ஸ் நகரில் பிலிப்போ பசினி 1854-இலேயே இதை நுண்ணோக்கியில் பார்த்து எழுதிவைத்தார். அப்போது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆய்வு செய்த ராபர்ட் கோக் இதைத் தனியே பிரித்தெடுத்து, நோய்க்குக் காரணம் இதுதான் என்று நிறுவினார்.

இந்தக் கிருமி எளிதில் தொற்றிக்கொள்ளும் சூரன் அன்று. இரைப்பை அமிலம் அதைக் கொத்துக் கொத்தாய்க் கொன்றுவிடும். நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கு நோய் வரக் கோடிக்கணக்கான கிருமிகள் உள்ளே போக வேண்டும். அதனால்தான் தொட்டதாலோ பக்கத்தில் நின்றதாலோ காலரா வருவதில்லை. கழிவு கலந்த தண்ணீரையோ உணவையோ உட்கொண்டால் வருகிறது. பட்டினியால் அமிலச் சுரப்பு குறைந்த உடம்புக்கு அதைவிட மிகக் குறைவான கிருமிகளே போதும். பஞ்சமும் காலராவும் சேர்ந்தே வந்ததற்கு இது ஒரு காரணம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வதைத்த தாது வருடப் பஞ்சத்தில், நிவாரண முகாம்களில் கூட்டம் கூட்டமாக அடைந்து கிடந்த மக்களைப் பசியோடு காலராவும் கொன்றது.

அமிலத்தைத் தாண்டிச் சிறுகுடலை அடைந்த கிருமி குடல் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. சுவரைத் துளைப்பதில்லை. ரத்தத்துக்குள் நுழைவதில்லை. ஒட்டிய இடத்தில் இருந்தபடி ஒரு நச்சைச் சுரக்கிறது. அந்த நச்சு குடல் செல்லுக்குள் போய், உப்பின் ஒரு பாகமான குளோரைடை வெளியே விடும் மதகைத் திறந்தபடி பூட்டிவிடுகிறது. வழக்கமாக அந்த மதகு தேவைக்குத் திறந்து மூடும். இப்போது மூடுவதில்லை. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது, உப்பின் மறுபாகமான சோடியம் அதன் பின்னால் போகிறது. உப்பு போன பக்கம் தண்ணீர் போகிறது.

குடல் அரிக்கப்படவில்லை, பழுது எல்லாம் நச்சின் வேலை என்பதைக் கண்டுபிடிக்க கோக்குக்குப் பின் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. கல்கத்தாவின் சம்பு நாத் தே முயலின் குடலில் ஒரு பகுதியைக் கட்டி, கிருமிகளையெல்லாம் வடிகட்டி நீக்கிய வெறும் சாற்றை அதற்குள் செலுத்தினார். கிருமி ஒன்றுகூட இல்லாத அந்தச் சாறே குடலை நீரால் நிரப்பியது. 1959-இல் இதை வெளியிட்டார். எளிய கருவிகளோடு ஒரு மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் நடந்த இந்த வேலையின் மேல்தான் பின்னால் வந்த சிகிச்சை முழுவதும் நிற்கிறது. அவர் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இடம்பெறாதது பெரிய குறை.

ஆறு மணி நேரக் கணக்கு

காலராவின் பேதி வழக்கமான வயிற்றுப்போக்கு போல் இருக்காது. அரிசி களைந்த கழுநீர் போல, வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும் நீராகப் போகும். பெரும்பாலும் வயிற்றுவலியோ காய்ச்சலோ இருக்காது. கடுமையான நோயில் மணிக்கு 1 லிட்டர்வரை போகும். அதன் ஒவ்வொரு லிட்டரிலும் ஏறத்தாழ 7 கிராம் சமையல் உப்புக்கு ஈடான சோடியம் வெளியேறுகிறது.

60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 6 லிட்டர் நீர் போனால் உயிருக்கு ஆபத்து. மணிக்கு 1 லிட்டர் என்றால் ஆறு மணி நேரம். இப்படி உடம்பு நீரையும் உப்பையும் இழப்பதற்கு நீரிழப்பு என்று பெயர். கண் குழிவிழும், நாக்கு வறளும், குரல் கம்மும். கெண்டைக்கால் தசை முறுக்கிக்கொண்டு இழுக்கும். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு உடனே படியாமல் அப்படியே நிற்கும். ரத்தத்தில் நீர் வற்றுவதால் நாடி மெலிந்து, சிறுநீர் நின்று, கடைசியில் இதயம் ஓய்கிறது.

சிகிச்சை இல்லாவிட்டால் கடுமையாக நோயுற்றவர்களில் பாதிப் பேர்வரை இறப்பார்கள். சரியான சிகிச்சை கிடைத்தால் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஒரே கிருமி, ஒரே நச்சு. இடையில் உள்ள வித்தியாசம் போன நீரும் உப்பும் திரும்பக் கிடைத்தனவா என்பது மட்டும்தான்.

*இதுவரை:* கிருமி குடலில் ஒட்டி நச்சு விடுகிறது. நச்சு உப்பு மதகைத் திறந்துவிடுகிறது. உப்போடு தண்ணீர் போகிறது. ஆளைக் கொல்வது அந்த இழப்புதான். கிருமி உடம்பை எங்கும் சேதப்படுத்தவில்லை.

தண்ணீர் மட்டும் கொடுத்தால் ஏன் போதாது?

நீர்தானே போகிறது, நீரையே கொடுத்தால் என்ன? கொடுத்துப் பார்த்தார்கள். குடித்த தண்ணீரும் அப்படியே வெளியே போனது. காரணம் மேலே சொன்னதுதான். உப்பு உள்ளே போனால்தான் தண்ணீர் உள்ளே போகும். சரி, உப்பு கலந்து கொடுக்கலாமே? உப்பு உள்ளே நுழையும் வழக்கமான வாசல்களில் ஒன்றையும் அந்த நச்சு முடக்கிவிடுகிறது. உப்புத் தண்ணீரும் தங்குவதில்லை.

ஆனால் குடல் சுவரில் இன்னொரு வாசல் இருக்கிறது. வங்கி லாக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சாவி தனியாகத் திறக்காது, மேலாளர் சாவியும் தனியாகத் திறக்காது, இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும். இந்த வாசலுக்கு ஒரு சாவி சோடியம், மற்றொன்று குளுக்கோஸ். இரண்டும் ஒன்றாக வந்தால் திறந்து இரண்டையும் உள்ளே விடும், பின்னாலேயே தண்ணீர் போகும். குளுக்கோஸும் சோடியமும் இப்படிக் கூட்டாக நுழைகின்றன என்ற கருத்தை ராபர்ட் கிரேன் 1960-இல் பிராக் நகரில் முன்வைத்தார். காலரா நச்சு இந்த வாசலைத் தொடுவதே இல்லை. மதகு திறந்து கொட்டிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து வாசல் வழியாக உப்பையும் நீரையும் உள்ளே அனுப்ப முடியும்.

உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீர்தான் ஓ.ஆர்.எஸ்., அதாவது வாய்வழி நீரேற்றக் கரைசல். இதில் சர்க்கரை சேர்ப்பது தெம்புக்காக என்று பலர் நினைக்கிறார்கள். தெம்பு இரண்டாம்பட்சம். சர்க்கரை இங்கே ஒரு சாவி.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம்

உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கலவையில் 1 லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் இருக்கும். மொத்தம் 20.5 கிராம். பேதியில் பொட்டாசியமும் போவதால் மூன்றாவது பொருள். ரத்தம் அமிலத்தன்மை அடைவதைச் சரிசெய்ய நான்காவது.

பொட்டலம் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. சர்க்கரை கூடினால் என்ன ஆகும்? பழம் சாறு விட்டதை நினைத்துப் பாருங்கள். உள்ளே இழுக்க முடியாமல் குடலில் தங்கிய சர்க்கரை உடம்பிலிருந்து நீரைக் குடலுக்கு இழுக்கும். பேதி கூடும். குளிர்பானம், பாக்கெட் பழச்சாறு ஆகியவை ஆகாது என்பது இதனால்தான். உப்பு கூடினால் ரத்தத்தில் சோடியம் ஏறி, சிறு குழந்தைக்கு வலிப்புவரை கொண்டுபோய்விடும்.

நடைமுறையில் அடிக்கடி நேரும் தவறுகள் சில:

1 லிட்டர் பொட்டலத்தை ஒரே தம்ளர் நீரில் கரைப்பது. கரைசல் ஐந்து மடங்கு கெட்டியாகிவிடும். 200 மில்லிக்கு என்று தனியாகச் சிறு பொட்டலமும் விற்கிறது, எது கையில் இருக்கிறது என்று உறையைப் படித்துப் பார்க்க வேண்டும். பெரிய பொட்டலத்தைக் கண்ணளவில் பாதியாக்கிக் கலக்குவதும் தவறு, உள்ளே உப்பும் சர்க்கரையும் சமமாகக் கலந்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

வாந்தி வருகிறதே என்று நிறுத்திவிடுவது. பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று மெதுவாகத் தொடர வேண்டும். வாந்தியில் போவதைவிட உள்ளே தங்குவது அதிகம்.

இளநீர் மட்டும் கொடுப்பது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் மிகக் குறைவு. கூடுதலாகக் கொடுக்கலாம், ஓ.ஆர்.எஸ்-க்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது. உப்புப் போட்ட அரிசிக்கஞ்சி இதைவிட நல்ல துணை. அரிசியின் மாவுச்சத்து குடலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குளுக்கோஸாக உடைவதால், நீரை வெளியே இழுக்காமல் சாவியை மட்டும் தந்துகொண்டே இருக்கும். காலராவில் அரிசி மாவால் செய்த ஓ.ஆர்.எஸ். பேதியின் அளவையே குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் பாட்டிமார் நோயாளிக்குக் கஞ்சி வைத்தது வீணான வழக்கம் அன்று.

பேதியை நிறுத்த மாத்திரை போடுவது. குடலின் அசைவை அடக்கும் அந்த மாத்திரை திறந்த மதகை மூடாது. நீர் குடலுக்குள்ளேயே தேங்கும், ரத்தத்துக்கு அது இழப்புதான்.

எவ்வளவு கொடுப்பது? ஓரளவு நீரிழப்பு உள்ளவருக்கு எடையில் கிலோவுக்கு 75 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில். 10 கிலோ குழந்தைக்கு அது 750 மில்லி. அதன்பின் ஒவ்வொரு பேதிக்கும் 2 வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, 2 முதல் 10 வயதுவரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்கு வேண்டிய அளவு. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கலந்த கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

குடிக்கவே முடியாமல் துவண்டு கிடப்பவருக்கு இது போதாது. நரம்பு வழியாக நீர் ஏற்ற வேண்டும், அதுவும் உடனே. "குளுக்கோஸ் ஏத்தினாங்க" என்று எல்லா டிரிப்பையும் ஒரே பெயரில் சொல்கிறோம். காலராவில் வெறும் குளுக்கோஸ் டிரிப் உதவாது, அதில் உப்பே இல்லை. ஏற்ற வேண்டியது ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புக் கரைசல். அது இல்லாவிட்டால் சாதாரண சலைன். ஒரு வயதுக்கு மேற்பட்டவருக்குக் கிலோவுக்கு 100 மில்லி, அதில் 30 மில்லியை முதல் அரை மணி நேரத்திலும், மீதி 70 மில்லியை அடுத்த இரண்டரை மணி நேரத்திலும் ஏற்றுவார்கள். 60 கிலோ ஆளுக்கு மொத்தம் 6 லிட்டர். மேலே பார்த்த ஆறு மணி நேரக் கணக்கில் போன அதே 6 லிட்டர். ஆன்டிபயாடிக் மருந்து நோயின் நாள்களைக் குறைக்கும், பேதியின் அளவையும் குறைக்கும். ஆனால் நீரை ஏற்றாமல் அதை மட்டும் கொடுத்தால், அது வேலை செய்யத் தொடங்குமுன் ஆள் போய்விடுவார்.

1971, பங்கான்

நரம்பு வழி உப்புநீர் புதிதன்று. ஸ்காட்லாந்தின் தாமஸ் லாட்டா 1832-லேயே அதைக் காலரா நோயாளிகளுக்கு ஏற்றினார். அதே காலத்தில் மற்ற மருத்துவர்கள் நோயாளியின் ரத்தத்தை வடித்துக்கொண்டும், பாதரச மருந்து கொடுத்துப் பேதியைக் கூட்டிக்கொண்டும் இருந்தார்கள். நீர் வற்றிச் சாகும் மனிதரிடமிருந்து மேலும் நீரை எடுத்தார்கள். மதகைப் பற்றித் தெரியாததன் விலை அது.

ஓ.ஆர்.எஸ். வேலை செய்கிறது என்று டாக்காவில் டேவிட் நேலினும் ரிச்சர்ட் கேஷும் 1968-இல் காட்டினார்கள். அப்போதும் பெரும்பாலான மருத்துவர்கள் நம்பவில்லை. மருத்துவமனைக்கு வெளியே, படிக்காதவர்கள் கையில் இதை எப்படி ஒப்படைப்பது என்ற தயக்கம்.

1971-இல் கிழக்குப் பாகிஸ்தான் (இன்றைய பங்களாதேஷ்) போரில் லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் வந்தார்கள். எல்லையை ஒட்டிய பங்கான் மருத்துவமனையில் தரையெல்லாம் காலரா நோயாளிகள். நரம்பு வழி ஏற்றும் நீர் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் வேறு வழியின்றி, 1 லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற கணக்கில் கல்கத்தாவில் பொட்டலம் கட்டவைத்து, குழாய் பொருத்திய டிரம்களில் கரைத்து வைத்தார். நோயாளியின் தாயும் கணவரும் அண்ணன் தம்பியும் குவளையில் பிடித்துப் புகட்டினார்கள். முகாம்களில் 30 சதவீதம் அளவுக்கு இருந்த சாவு, இந்த முறையில் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

பின்னர் 1980 முதல் பத்தாண்டுகள் பங்களாதேஷின் பிராக் (BRAC) என்னும் தொண்டு அமைப்பின் பெண்கள் வீடு வீடாகப் போய், மூன்று விரல் கிள்ளு உப்பு, ஒரு பிடி வெல்லம் என்று தாய்மார்களுக்குக் கையாலேயே கலக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 1 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். எல்லா மருத்துவத்திலும் இதற்கு இணையாக மனதை நெகிழவைக்கும் முயற்சி வேறு ஒன்றைச் சொல்வது கடினம்.

*இதுவரை:* உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் திறக்கும் வாசலைக் காலரா தொடுவதில்லை. அதனால் அளவாகக் கலந்த கரைசல் உயிர் காக்கிறது. அளவு தவறினால் அதே விதி நமக்கு எதிராகத் திரும்புகிறது.

ஒருவர் கழிவு, இன்னொருவர் குடிநீர்

ஒருவரைக் கொல்வது இப்படி. ஊரைக் கொல்வது எப்படி? நோயாளியின் கழுநீர்ப் பேதியில் கிருமி கோடி கோடியாக வெளியேறுகிறது. அது குடிநீரில் கலந்தால் அடுத்த சுற்று. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு லேசான பேதியோடு போய்விடும், அல்லது ஒன்றுமே தெரியாது. ஆனால் அவர்கள் கழிவிலும் 1 முதல் 10 நாள்வரை கிருமி இருக்கும். நோயாளிகளை மட்டும் ஒதுக்கிவைப்பதால் காலரா நிற்காததற்குக் காரணம் இந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டம்.

இதைக் கிருமியைப் பார்க்காமலே கணக்குப் போட்டுக் கண்டவர் லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ. 1854-இல் பிராட் தெருவின் கைபம்பைச் சுற்றி 616 பேர் இறந்தார்கள். கெட்ட காற்றால் நோய் வருகிறது என்பதே அன்றைய நம்பிக்கை. ஆனால் அதே காற்றைச் சுவாசித்த பக்கத்து மதுபான ஆலைத் தொழிலாளிகளில் ஒருவரும் சாகவில்லை, அவர்கள் பம்பு நீரைக் குடிக்கவில்லை. சொந்தக் கிணறு இருந்த ஏழைகள் விடுதியில் 535 பேரில் 5 பேர்தான் இறந்தார்கள்.

ஸ்னோ சொல்லிக் கைபம்பின் பிடியைக் கழற்றியதும் நோய் நின்றது என்று கதையாகச் சொல்வார்கள். பிடியைக் கழற்றிய செப்டம்பர் 8-க்கு முன்பே சாவு குறைந்துவந்தது, ஸ்னோவே அதை எழுதியிருக்கிறார். கழற்றியதன் பலன் வேறு. முதலில் நோயுற்ற குழந்தையின் துணி அலசிய நீர், கிணற்றிலிருந்து மூன்றடி தூரமே இருந்த மலக்குழிக்குள் போயிருந்தது. அந்தக் குழந்தையின் தந்தை நோயில் விழுந்தது பிடியைக் கழற்றிய அதே நாளில். பம்பு ஓடிக்கொண்டிருந்தால் இரண்டாம் சுற்று தொடங்கியிருக்கும்.

பம்பைவிட வலுவான சான்றும் அவரிடம் இருந்தது. தெற்கு லண்டனில் இரண்டு கம்பெனிகள் ஒரே தெருக்களில் வீட்டுக்கு வீடு மாறி மாறிக் குடிநீர் கொடுத்தன. ஒன்று நகரச் சாக்கடை கலக்கும் இடத்தில் தேம்ஸ் நீரை எடுத்தது. மற்றது 1852-இல் தன் குழாயை நகருக்கு மேலே, சுத்தமான பகுதிக்கு மாற்றியிருந்தது. 10,000 வீடுகளுக்குச் சாவு முதல் கம்பெனியில் 315, இரண்டாவதில் 37. அதே தெரு, அதே காற்று, அதே வருமானம். வேறுபட்டது தண்ணீர் ஒன்றுதான்.

1892-இல் ஜெர்மனியில் இதுவே மறுபடி நடந்தது. எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் குடித்த ஹாம்பர்க் நகரில் 8,600 பேர் இறந்தார்கள். ஒட்டியே இருந்த அல்டோனா அதே ஆற்று நீரை மணல் வடிகட்டியில் விட்டுக் கொடுத்தது, பெருமளவு தப்பியது.

ஊர் நோய் உலக நோயாவது

மூன்று சொற்களைக் கலந்து பேசுகிறோம். ஒரு பகுதியில் எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக இருந்துகொண்டே இருப்பது நிலைத்தொற்று. திடீரென்று பெருகி ஓர் ஊரையோ நாட்டையோ வாரிச் செல்வது கொள்ளைநோய். நாடு, கண்டம் தாண்டிப் பரவுவது பெருந்தொற்று. கடுமையைக் குறிக்கும் சொற்கள் அல்ல இவை, பரவலைக் குறிப்பவை.

கங்கை வடிநிலத்தில் காலரா நெடுங்காலம் நிலைத்தொற்றாக இருந்தது. அங்கே உவர்நீரில், கோப்பிபாட் என்னும் கண்ணுக்கு எட்டியும் எட்டாத மிதவை உயிர்களின் மேல் ஒட்டி, மனிதர் இல்லாமலே இந்தக் கிருமி வாழும். (அதனால்தான் பங்களாதேஷின் மத்லப் பகுதியில், பழைய பருத்திப் புடவையைப் பல மடிப்பாக மடித்துக் குளத்து நீரை வடிகட்டியபோது காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. துணி கிருமியைப் பிடிக்காது, கிருமி ஏறிவரும் வாகனத்தைப் பிடிக்கிறது. துவைத்துத் துவைத்து நூல் பிரிந்த பழம்புடவையின் துளைகள் புதியதைவிடச் சிறியவை.)

1817-இல் வங்காளத்தின் ஜெஸ்ஸோரில் வெடித்தது வடிநிலத்தோடு நிற்கவில்லை. படைகளோடும் வணிகக் கப்பல்களோடும் போனது. 1830-களின் தொடக்கத்தில் மாஸ்கோ, லண்டன், பாரிஸ், நியூயார்க். கிருமி மாறவில்லை, போக்குவரத்து மாறியது. தமிழர்களும் இந்தப் பாதையில் இருந்தார்கள். இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்கள் மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழி நடந்தபோது, வழியிலேயே காலராவுக்கு எண்ணற்றோர் பலியானார்கள். பின்னாளில் மண்டபத்தில் முகாம் அமைத்து, கப்பலேறுமுன் நாள்கணக்கில் நிறுத்திவைத்துச் சோதித்தது தோட்டங்களுக்கு நோய் போகாமல் தடுக்கத்தான். நடந்து செத்தவர்களைக் காப்பதற்கு அப்போது யாரும் அவசரப்படவில்லை.

ஏழு பெருந்தொற்றுகளைக் கணக்கிடுகிறார்கள். ஏழாவது 1961-இல் இந்தோனேசியாவின் சுலவேசியில் தொடங்கியது, இன்னும் முடியவில்லை. 1992-இல் சென்னையில் புதிய வகை ஒன்று தென்பட்டது. நச்சு பழையதுதான், கிருமியின் மேற்சட்டை மட்டும் புதிது. நம் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் சட்டையைப் பார்த்தே அடையாளம் காண்பதால், பழைய காலராவுக்குப் பழகியிருந்த பெரியவர்களும் விழுந்தார்கள். ஓ139 என்று பெயரிட்ட அது எட்டாவது பெருந்தொற்றாகும் என்று அஞ்சினார்கள். பிறகு பின்வாங்கிவிட்டது.

ஊரில் பரவும்போது

தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனால் கிருமி சாகும். கொதிக்கவைத்த நீரில் கையையோ கழுவாத தம்ளரையோ விட்டால் மறுபடி கலந்துவிடும், வாய் குறுகிய பாத்திரமும் பிடி வைத்த அகப்பையும் வேண்டும். குளோரின் போட்டால் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும், அதன்பின்னும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் அளவு குளோரின் மிஞ்சி நிற்க வேண்டும். கலங்கிய நீரில் குளோரின் அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும், எனவே முதலில் தெளியவைத்து வடிகட்ட வேண்டும். நம் நகரங்களில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. விட்டு விட்டுத் தண்ணீர் வருவதால், நீர் நிற்கும் நேரத்தில் குழாயில் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியே சாக்கடை உள்ளே இழுபடும். தண்ணீர் வந்த முதல் சில நிமிடங்கள் நாற்றமோ நிறமாற்றமோ தெரிந்தால் அதைப் பிடிக்காமல் விடுவதோடு, உடனே புகாரும் செய்ய வேண்டும்.

குழாயும் சாக்கடையும் தவறினால் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதைக் கரீபியன் நாடான ஹைட்டியில் பார்த்தோம். ஒரு நூற்றாண்டாகக் காலரா பதிவாகாத நாடு. 2010 அக்டோபரில், ஐ.நா. அமைதிப்படையின் முகாம் ஒன்றிலிருந்து மலக்கழிவு ஆர்ட்டிபோனித் ஆற்றின் கிளையில் கலந்தது. 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்று, ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2019-இல் ஒருவழியாக நின்றது. 2022 செப்டம்பரில் ஆயுதக் கும்பல்கள் அந்நாட்டின் முதன்மை எரிபொருள் கிடங்கை முற்றுகையிட்டன. டீசல் இல்லாமல் குடிநீர் பம்புகள் நின்றன. அக்டோபர் 2-ஆம் தேதி தலைநகரில் காலரா மறுபடி உறுதியானது.